கேட்பதில் என்ன வெட்கம்?



சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மாலை, எங்கள் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கையில் ஒரு சிறு துணிமுடிச்சுடன் பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நின்றார். முப்பது ஆண்டுகள் தபால்காரராய் உழைத்து ஓய்வுபெற்றவர். பிறரிடம் ஒரு குவளைத் தண்ணீர் கேட்பதற்கும் கூசுகிறவர். முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். உள்ளே அவருடைய மனைவியின் நான்கு வளையல்கள்.

“சாமி, இதைக் கூட்டுறவு வங்கியிலே வைக்கலாமா, இல்லே டவுனிலே வைச்சா வட்டி குறையுமா? உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா ஒரு வார்த்தை சொல்லணும்” என்றார்.

காரணத்தை விசாரித்தேன். அவருடைய மூத்த மகள் இங்கிலாந்தில் அரசாங்க மருத்துவத் துறையில் பணிபுரிகிறாள். அங்கே ஐந்து நாள் பயிற்சி வகுப்பு ஒன்று நடக்கவிருந்தது. அதில் சேர வேண்டுமென்று அவளுக்குப் பெரும் ஆசை. ஆனால் கட்டணம், இரயில் செலவு, தங்கும் செலவு எல்லாம் சேர்த்தால் நம் பணத்தில் இலட்சத்தைத் தாண்டும். மாதாமாதம் தம்பியின் கல்லூரிக் கட்டணத்தையும் வீட்டுக் கடனையும் அனுப்பிவிட்டு மீதியில் காலந்தள்ளுகிறவளுக்கு அது எட்டாத தொகை. “இந்த வருஷம் வேண்டாம்மா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தொலைபேசியில் தாயிடம் சொல்லியிருக்கிறாள். பெற்றவளுக்கு அந்தக் குரல் விளங்காமற் போகுமா? அன்று இரவே வளையல்களைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்துவிட்டாள்.

“அவளுக்கு வேலை கொடுத்தவர்கள் இந்தச் செலவை ஏற்கமாட்டார்களா?” என்று கேட்டேன்.

“சேர்ந்து ரெண்டு வருஷங்கூட ஆகலே. அதுக்குள்ளே காசுன்னு போய் நின்னா என்ன நினைப்பாங்க, சாமி?”

வளையல்களைத் திரும்ப முடிந்துகொண்டு வீட்டுக்குப் போகும்படி அவரிடம் சொன்னேன். இரவு அந்தப் பெண்ணோடு தொலைபேசியில் பேசினேன். அவளும் தகப்பனார் சொன்னதையே ஆங்கில வார்த்தைகள் சிலவற்றைக் கலந்து சொன்னாள். விண்ணப்பம் செய்தாயா என்றால், இல்லை. யாரிடம் செய்ய வேண்டும் என்று விசாரித்தாயா என்றால், அதுவும் இல்லை. கேட்டு இல்லையென்று சொல்லிவிட்டால் அவமானம் என்று, கேளாமலே தனக்குத் தானே ‘இல்லை’ சொல்லிக்கொண்டிருந்தாள். நம் குடும்பங்களில் பிள்ளைகளை அடக்கமாக வளர்க்கிறோம். அது நல்லதுதான். ஆனால் அடக்கம் எங்கே முடிகிறது, வாயில்லாத்தனம் எங்கே தொடங்குகிறது என்பதை நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோமா என்று அன்றிரவு எனக்கு ஐயம் எழுந்தது. பிறகு நடந்ததை, அவளுடைய அனுமதியோடு, இந்த மாதம் உங்களுக்கு எழுதுகிறேன். வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் மருத்துவப் பணியிலுள்ள பிள்ளைகள் நம் பங்குகளில் பலர் உண்டு.

முதலில், அவளுடைய தொழில் இன்னதென்று சொல்லிவிடவேண்டும். தமிழ்நாட்டிலேயே நான்கரை ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்ற அவள் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அரசு ஏடுகளில் ‘செயல்முறை மருத்துவம்’ என்று எழுதுகிறார்கள். பெயரைக் கேட்டுவிட்டு, வேலைவாய்ப்பு வாங்கித் தருகிற அலுவலகம் என்று எண்ணியவர்களை நான் அறிவேன். அது வேறு. பக்கவாதத்தால் ஒரு கை விழுந்தவர் மறுபடி தானே சட்டைப் பொத்தானைப் போடவும், மூளையில் அடிபட்டவர் அடுப்பங்கரையில் அபாயமின்றி நடமாடவும், மனநோயிலிருந்து எழுந்தவர் அன்றாடக் கடமைகளுக்குத் திரும்பவும், பிறவிக் குறையுள்ள குழந்தை தன் கையால் உண்ணவும் பழக்குவதே இத்தொழில். நோய் நீங்கியதா என்று மருத்துவர் பார்க்கிறார். நோய் நீங்கியவர் நாளைக் காலையில் எழுந்து தம் வேலையைத் தாமே செய்துகொள்வாரா என்று இவர்கள் பார்க்கிறார்கள்.

அவள் பணிபுரியும் நாட்டில் இத்தொழிலுக்கு முதற்பள்ளி நிறுவியவர் டாக்டர் எலிசபெத் காசன் என்னும் அம்மையார். மனநோய் மருத்துவமனையில் வேலைபார்த்தபோது, ஒன்றும் செய்யாமல் சோர்ந்து உட்கார்ந்திருந்த பெண் நோயாளிகள், கிறிஸ்துமஸ் தோரணங்கள் செய்யத் தொடங்கிய நாளில் வேறு மனிதர்களாய் மாறியதை அவர் கண்டார். அந்தக் காட்சியை அவர் மறக்கவேயில்லை. 1930இல் பிரிஸ்டல் நகரில் ‘டார்செட் ஹவுஸ்’ என்ற பள்ளியைத் திறந்தார். அவர் பெயரிலுள்ள அறக்கட்டளை இன்றும் இத்தொழிலினரின் வளர்ச்சிக்காகவே பணம் செலவிடுகிறது. நம் நாடும் இதில் பிந்தியதன்று. அமெரிக்காவில் பிறந்து நம் நாட்டு மருமகளாய் வந்த கமலா நிம்ப்கர் அம்மையார் 1950இல் மும்பையில் இத்தொழிற்பள்ளியைத் தொடங்கினார். 1952இல் உலகக் கூட்டமைப்பு அமைந்தபோது அதை நிறுவிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். நான் அவளிடம் கேட்டறிந்த முதற் செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. அந்நாட்டில் ‘ஹெல்த் அண்ட் கேர் புரொஃபஷன்ஸ் கவுன்சில்’ என்ற மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ஒருவர் தம்மை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று அழைத்துக்கொள்ள முடியும். அப்பதிவை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது, தாம் விடாமல் கற்றுவருவதாகவும் அதற்குக் குறிப்பேடு வைத்திருப்பதாகவும் உறுதிகூற வேண்டும். இத்தனை மணி நேரம் என்ற கணக்கு கிடையாது. ஆனால் கற்றது பலவகைப்பட்டதாக இருக்க வேண்டும், அதனால் தம் பணியின் தரம் உயர்ந்திருக்க வேண்டும், நோயாளிக்குப் பயன் விளைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு இரண்டரைப் பேரைத் தெரிந்தெடுத்து, ‘காட்டு பார்க்கலாம்’ என்று அந்த மன்றம் கேட்கிறது.

“அம்மா, படித்தே ஆகவேண்டும் என்று சட்டம் உன்னைக் கட்டாயப்படுத்துகிறது. அப்படியிருக்க, படிப்பதற்கு வழிகேட்பது எப்படிப் பிச்சையாகும்?” என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

மறுநாள் அவள் விசாரித்தாள். கதவுகள் பல இருந்தன. அந்நாட்டு அரசாங்கம் 2019இல், செவிலியர், பேறுகால உதவியாளர், இவளைப் போன்ற துணை மருத்துவத் தொழிலினர் ஆகியோர்க்குத் தலைக்கு மூன்றாண்டுகளில் 1,000 பவுண்டு கற்றலுக்கென்று ஒதுக்குவதாக அறிவித்தது. 2020 முதல் அப்பணம் வேலைகொடுக்கும் நிறுவனங்களின் வழியாகவே போயிற்று. அதன்பின் தொகையும் முறையும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. ஆனால் பயிற்சிக்கென்று ஏதோ ஒரு நிதி பெரும்பாலான மருத்துவமனைகளில் இருக்கிறது. அவளுடைய மருத்துவமனையிலும் இருந்தது. அதற்கான படிவம் அவள் தினமும் திறக்கிற அதே கணினியில் இருந்தது! அதற்கு மேலும், 2017இல் அரச பட்டம் பெற்ற அவர்களுடைய தொழிற்கழகம் தன் உறுப்பினர்க்கு நிதியுதவிகள் வழங்குகிறது. காசன் அம்மையாரின் அறக்கட்டளையும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் விதிகளும் கடைசி நாளும் வேறு. ஆண்டுதோறும் அவை மாறவும் கூடும். ஆகவே நேற்று ஒருவர் பெற்ற கதையை நம்பாமல், இன்றைய விதியைத் தானே படித்துப்பார்ப்பதுதான் சரி.

இங்கே என் அறியாமையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மகளுக்கு ஒரு சான்றுக் கடிதம் தாருங்கள் என்று தந்தையார் கேட்டார். பங்கின் முத்திரைத்தாளில் ஒரு பக்கம் முழுவதும் எழுதினேன். இப்பெண் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவள், பாடற்குழுவில் பத்தாண்டு பாடியவள், ஒழுக்கமான குடும்பத்தில் பிறந்தவள் என்றெல்லாம் எழுதிப் பெருமிதத்தோடு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து மிக மரியாதையான பதில் வந்தது. “ஃபாதர், உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்காட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அம்மா மகிழ்வார்கள். ஆனால் இவர்கள் கேட்பது நான் எப்படிப்பட்டவள் என்பதை அல்ல. நான் கற்றுவந்தால் இங்குள்ள நோயாளிக்கு என்ன மாறும் என்பதை.” முப்பது ஆண்டுகளாக நான் எழுதிய சிபாரிசுக் கடிதங்களையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். எத்தனை பேருக்கு அவை பயன்பட்டிருக்குமோ, இறைவனுக்கே வெளிச்சம்.

ஆனால் அவளுடைய முதல் படிவமும் என் கடிதத்துக்கு இளைத்ததாக இல்லை. ‘எனக்கு இப்பயிற்சியில் மிகுந்த ஆர்வம் உண்டு. என் அறிவையும் திறமையையும் வளர்த்துக்கொள்ள இது பெரிதும் உதவும்’ என்று எழுதியிருந்தாள். இதை யார் வேண்டுமானாலும், எந்தப் பயிற்சிக்கு வேண்டுமானாலும் எழுதலாமே! “எதற்காக இந்தப் பயிற்சி? வேறு எதுவும் இல்லையா?” என்று துருவிக் கேட்டேன். அப்போதுதான் அந்த முதியவரின் கதை வெளிவந்தது.

பக்கவாதம் கண்டு அவளுடைய வார்டுக்கு வந்தவர் அவர். மனைவியை இழந்து தனியாய் வாழ்பவர். சில வாரங்களில் நன்றாக நடந்தார், கை பிடித்தது, கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னார். வீட்டுக்கு அனுப்பலாம் என்று எல்லோரும் கருதினர். வார்டின் சிறு சமையலறையில் அவரைத் தேநீர் போடச் சொல்லிப் பார்த்தவள் இவள். தண்ணீர் ஊற்றாமலே மின்கெட்டிலைப் போட்டார். பால் எடுக்கப் போனவர் எதற்குப் போனோம் என்று நின்றார். கோப்பையை விளிம்பில் வைத்தார். இவளுக்கு மனத்தில் உறுத்தியது. கூட்டத்தில் சொன்னாள். “எந்த அளவுக்குக் குறை? எதைக்கொண்டு அளந்தாய்?” என்று கேட்டார்கள். அளந்து காட்ட இவளிடம் கருவி இல்லை. தினசரி உதவியாள் இல்லாமலே அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பத்து நாளில் வெந்நீரால் வெந்த கையோடு திரும்பி வந்தார்.

“அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது, ஃபாதர். சொல்லத் தெரியவில்லை” என்றாள்.

அவள் சேர விரும்பிய பயிற்சி அதைத்தான் கற்பிக்கிறது. ஆன் ஃபிஷர் என்ற அமெரிக்கப் பேராசிரியை உருவாக்கிய முறை அது. சுருக்கமாக ‘ஆம்ப்ஸ்’ என்பார்கள். நோயாளி தமக்குப் பழக்கமான வீட்டு வேலைகளுள் குறைந்தது இரண்டைத் தாமே தேர்ந்து செய்கிறார். தேநீர் போடலாம், ரொட்டி வாட்டலாம், தரை பெருக்கலாம். பயிற்சி பெற்றவர் அருகில் நின்று பார்க்கிறார். எட்டுவது, பிடிப்பது, தூக்குவது போன்ற உடலசைவுத் திறன்கள் 16. சரியான பொருளைத் தேர்வது, வரிசை தவறாமல் செய்வது, பிழை நேர்ந்தால் கண்டு திருத்துவது போன்ற செயல்நடைத் திறன்கள் 20. இந்த 36ஐயும் மதிப்பிட்டுக் கணக்கிட்டால், இவர் தனியாய் வாழ இயலுமா, துணை வேண்டுமா என்று ஆதாரத்தோடு சொல்லலாம். வகுப்பு ஐந்து நாளோடு முடிவதில்லை. ஊருக்குத் திரும்பிப் பத்துப் பேரை மதிப்பிட்டு அனுப்பிய பிறகே, மதிப்பிடுகிறவர் கடுமையானவரா தாராளமானவரா என்று அவரையும் அளந்து அங்கீகாரம் தருகிறார்கள். அளக்கிறவனையும் அளக்கிற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நம்முடைய தேர்வுத்தாள் திருத்துவோர்க்கும் இது வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

“இந்த முதியவரைப் படிவத்தில் எழுது” என்றேன். எழுதினாள். முதலில் அவருடைய பெயரையும் தெருவையும்கூட எழுதிவிட்டாள். பிறகு தானே உணர்ந்து எடுத்துவிட்டாள். நோயாளியின் அடையாளம் எவ்வகையிலும் வெளிப்படலாகாது என்பது அவர்கள் தொழிலின் முதல் விதி. ‘தனியே வாழும் முதியவர் ஒருவர்’ என்பதே போதுமானதாயிற்று. அந்த வார்டில் இம்முறையைக் கற்றவர் எவருமில்லை என்பதையும், தான் கற்றுவந்ததும் உடன் பணியாளர்க்குத் தான் கண்டவற்றை ஒரு பிற்பகல் எடுத்துச்சொல்வதாகவும் சேர்த்தாள். ‘ஆர்வம்’ என்ற சொல் இரண்டாம் படிவத்தில் ஓரிடத்திலும் இல்லை.

பணக் கணக்கு எழுதுவதில் ஒரு சிறு போராட்டம். குறைத்துக் கேட்டால் கிடைக்கும் என்று எண்ணி, இரயில் செலவையும் தங்குமிடத்தையும் விட்டுவிட்டு வகுப்புக் கட்டணத்தை மட்டும் எழுதினாள். அவ்வாறு செய்யலாகாது என்று நான் வற்புறுத்தினேன். உள்ள செலவை உள்ளபடி எழுதி, இதில் இவ்வளவை நானே ஏற்கிறேன் என்று சொல்வதே நேர்மை. மறைத்த செலவு பிறகு வளையலாகத்தானே வெளிவரும்? பணத்தைவிடப் பெரிய செலவு ஒன்றும் அதில் இருந்தது. ஐந்து நாள் அவள் வார்டில் இல்லாவிட்டால் அவளுடைய நோயாளிகளை யார் பார்ப்பது? அந்த விடுப்புக்கு மேலாளர் இசையாமல் எந்த நிதியும் பயன்படாது.

மேலாளருக்கு அவள் எழுதிய முதல் மின்னஞ்சலுக்குப் பதிலே வரவில்லை. “பார்த்தீர்களா, ஃபாதர்!” என்றாள். பதில் வராததெல்லாம் மறுப்பாகிவிடாது. அவர்களுக்கும் ஆயிரம் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பணியாளரையும் தனியே அழைத்து, சென்ற ஆண்டு செய்தது என்ன, அடுத்த ஆண்டு கற்க வேண்டியது என்ன என்று பேசிக் குறித்துவைக்கும் வழக்கம் அங்கே உண்டு. அந்தச் சந்திப்பு தை மாதத்தில் வந்தது. அங்கே நேரில் கேட்டாள். மேலாளர் சொன்னாராம்: “இதை ஏன் நீ சென்ற ஆண்டே கேட்கவில்லை? அப்போது பணம் மீந்துபோயிற்று.”

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்னும் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இவை பலரை வீழ்த்துகின்றன. பெரும்பாலான நிதிகள் முன்பே நடந்துமுடிந்த பயிற்சிக்குப் பணம் தருவதில்லை. முதலில் கட்டிவிடுவோம், பிறகு வாங்கிக்கொள்வோம் என்று போனவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். வளையல்கள் அன்று அடகுக்குப் போயிருந்தால் இவளும் அந்த வரிசையில் நின்றிருப்பாள். மற்றொன்று, பணம் பெற்ற பிறகு குறித்த காலத்துக்குள் வேலையை விட்டால் முழுதாகவோ பகுதியாகவோ திருப்பித் தரவேண்டும் என்ற ஒப்பந்தம் சில இடங்களில் உண்டு. திருமணம் பேசிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் கையெழுத்திடுமுன் இதைப் படித்துப்பார்க்க வேண்டும். ஒப்பந்தம் இருக்கிறதென்று அஞ்சவும் வேண்டாம், படிக்காமல் ஒப்பமிடவும் வேண்டாம்.

தந்தையாருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ஊரார் பணத்தில் படிப்பதா என்ற கேள்வி அவரைக் குடைந்துகொண்டேயிருந்தது. அவருக்கு வேலூர் மருத்துவமனையை நினைவூட்டினேன். டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்வை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அதோடு நில்லாமல், ஃபெலோஷிப் என்னும் உதவித்தொகை பெற்று நியூயார்க்கிலே டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்துக்குச் சென்று புனர்வாழ்வு மருத்துவத்தைக் கற்றுத் திரும்பினார். 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட புனர்வாழ்வு நிலையம் அந்தக் கல்வியின் கனி. “அந்த அம்மா அன்னைக்கு வெட்கப்பட்டிருந்தா?” என்று பெரியவரே கேட்டுவிட்டு எழுந்து போனார்.

உள்நாட்டில் இதே தொழிலில் இருக்கும் நம் பிள்ளைகளின் நிலை இவ்வளவு வசதியானதன்று. இவர்களையும் உள்ளடக்கிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல்தான் வந்தது. பலர் கைப்பணத்தில்தான் மாநாடுகளுக்கும் வகுப்புகளுக்கும் போய்வருகிறார்கள். ஆயினும், தனியார் மருத்துவமனையானாலும், நம்முடைய சபைகள் நடத்தும் மருத்துவமனையானாலும், வாய்விட்டு எழுத்தில் கேட்டவர்கள் எத்தனை பேர்? நிர்வாகத்திலிருக்கும் அருட்சகோதரிகளும் இதைப் படிக்கிறார்கள் என்று எண்ணுகிறேன். கேட்க வருகிற பெண்ணை நிற்கவைத்துப் பேசாதிருக்கும்படி அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.

பங்குனியில் முடிவு வந்தது. வகுப்புக் கட்டணம் முழுதும் கிடைத்தது. விடுப்பு ஐந்து நாளும் சம்பளத்தோடு கிடைத்தது. தங்கும் செலவில் பாதி கிடைத்தது. இரயில் செலவுக்குக் கை விரித்துவிட்டார்கள். அதை அவளே கொடுத்தாள். வைகாசியில் வகுப்பு முடிந்தது. இதை எழுதும்போது பத்துப் பேரில் ஏழாவது ஆளை மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். ஏழாமவர் ஒரு மூதாட்டி. தேநீர் வேண்டாம், ஜன்னல் துடைக்கிறேன் என்றாராம்.

பயிற்சியால் விளைந்தது என்ன என்று நிதி கொடுத்தவர்களுக்கு ஓர் அறிக்கை தரவேண்டும். அதை எழுதியதும் எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லட்டுமா என்று சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு தந்தையார் கேட்டார். இம்முறை என் திருத்தம் அவளுக்குத் தேவைப்படாது என்றேன். அருகில் நின்ற தாயார் கையை உயர்த்தி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். நான்கு வளையல்களும் சலசலத்தன.